ஐபிஎல் தண்டனைகளில் பாரபட்சம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்து, வாலாஜா சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வரும்போது, சிஎஸ்கே தோற்ற நாட்களில் தவறாமல் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு: "நம்ம டீம்னா மட்டும் ரூல் பேசுவாங்க." வெளியூர் ரசிகர்களிடம் பேசிப் பார்த்தால், சென்னைக்கு மட்டும் எல்லாச் சலுகையும் கிடைக்கிறது என்று அதே வேகத்தோடு சொல்கிறார்கள். 2008 முதல் இந்த மைதானத்தில் ஆட்டம் பார்த்து வருபவன் என்ற முறையில், நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்தவரை நேர்மையான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

களத்தில் ஒரு வீரர் தவறு செய்தால், அவருக்கான தண்டனையை முடிவு செய்வது யார்?

கள அம்பயர்கள் புகார் செய்வார்கள். ஆட்ட நடுவர், அதாவது மேட்ச் ரெஃப்ரி, தண்டனையை அறிவிப்பார். ஐபிஎல் நடத்தை விதிகளில் குற்றங்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அம்பயரின் முடிவுக்கு அதிருப்தி காட்டுவது, ஆட்டமிழந்தவரைச் சீண்டி வழியனுப்புவது, ஸ்டம்பை உதைப்பது போன்றவை பெரும்பாலும் முதல் நிலையில் வரும். இந்த முதல் நிலைக் குற்றங்களில் ஆட்ட நடுவரின் முடிவே இறுதியானது. அதற்கு அனைவரும் கட்டுப்பட வேண்டும்.

வீரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றுக்கொண்டால் விசாரணை கிடையாது. ஏறக்குறைய எல்லா வழக்குகளும் இப்படித்தான் முடிகின்றன. மறுநாள் காலையில் நமக்குக் கிடைப்பது நான்கைந்து வரி அறிக்கை மட்டுமே: இன்ன வீரர், இன்ன விதி, போட்டி ஊதியத்தில் இத்தனை சதவீதம், குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தச் சதவீதம் ஏன் 25 ஆகவோ 50 ஆகவோ அமைந்தது என்பதற்கான காரணம் அந்த அறிக்கையில் இருப்பதில்லை. பாரபட்சம் என்ற பேச்சின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2019-இல் தோனி களத்துக்குள் நுழைந்தபோது 50 சதவீத அபராதத்தோடு விட்டுவிட்டார்களே, அது சலுகை இல்லையா?

சென்னை ரசிகர்கள் கேட்க விரும்பாத கேள்வி இது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி ஓவரை பென் ஸ்டோக்ஸ் வீசினார். இடுப்புயரத்துக்கு வந்ததாகத் தோன்றிய ஒரு பந்துக்கு கள அம்பயர் உல்ஹாஸ் காந்தே நோ பால் என்று கையை நீட்டினார். ஸ்கொயர் லெக்கில் நின்ற மற்றோர் அம்பயர் புரூஸ் ஆக்ஸன்ஃபோர்ட் அது நோ பால் இல்லை என்றார். முடிவு திரும்பப் பெறப்பட்டது. அப்போது தோனி ஏற்கெனவே ஆட்டமிழந்து வெளியே இருந்தார். அங்கிருந்து எழுந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி, ஆடுகளம் வரை நடந்து சென்று அம்பயர்களிடம் வாதாடினார். கடைசிப் பந்தில் சான்ட்னர் சிக்ஸர் அடித்து சென்னை வென்றது. தோனிக்கு இரண்டாம் நிலைக் குற்றத்துக்காகப் போட்டி ஊதியத்தில் 50 சதவீதம் அபராதம் விதிக்கப்பட்டது, தடை விதிக்கப்படவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 22 அன்று வான்கடேயில் அதே ராஜஸ்தான் அணிக்கு எதிராக டெல்லி கேபிடல்ஸ் ஆடியது. கடைசி ஓவரில் மறுபடியும் ஓர் உயரமான ஃபுல் டாஸ். நோ பால் தரப்படவில்லை. டெல்லி கேப்டன் ரிஷப் பந்த் தன் பேட்ஸ்மேன்களை வெளியே வரும்படி சைகை செய்தார்; உதவிப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே களத்துக்குள் சென்றார். பந்த்துக்கு 100 சதவீத அபராதம், டெல்லி வீரர் ஷர்துல் தாக்கூருக்கு 50 சதவீதம், ஆம்ரேக்கு 100 சதவீத அபராதத்தோடு ஓர் ஆட்டத் தடை.

களத்துக்குள் நுழைந்த இருவரில் ஒருவருக்குப் பாதி அபராதம், மற்றவருக்கு முழு அபராதமும் தடையும். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று டெல்லி ரசிகர் ஒருவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேறுபாட்டுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். இருவர் மீதும் சுமத்தப்பட்ட விதிகள் வேறு வேறு. டெல்லி அணி ஆட்டத்தையே நிறுத்திவிடும் நிலை வரை போனது. தோனி விஷயத்தில் ஒரு முடிவு அறிவிக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்ட குழப்பம் இருந்தது. ஆனால் இவையெல்லாம் நாமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் காரணங்கள். ஆட்ட நடுவர் எதை எடைபோட்டார் என்பதை அவர் எழுதி வெளியிட்டிருந்தால், இந்த இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றுவரை சண்டை போட வேண்டியிருக்காது.

2023 தகுதிச்சுற்று ஆட்டத்தில் பதிரனாவுக்காக நேரத்தைக் கடத்தியதற்குத் தண்டனையே இல்லையே?

2023 மே 23 அன்று சேப்பாக்கத்தில் குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக நடந்த முதல் தகுதிச்சுற்று ஆட்டம் அது. சென்னைப் பந்துவீச்சாளர் மதீஷ பதிரனா சுமார் ஒன்பது நிமிடங்கள் களத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வெளியே இருந்த அளவு நேரம் களத்தில் நின்ற பிறகுதான் அவர் பந்து வீச முடியும். 16-ஆவது ஓவருக்காகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்க, தோனியும் மற்ற வீரர்களும் அம்பயர்களைச் சூழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் கழிந்தன. தேவையான நேரமும் நிறைவடைந்தது. பதிரனா பந்து வீசினார்.

அரங்கில் பெருத்த ஆரவாரம். ஆனால் எதிரணி இதைச் செய்திருந்தால் அதே அரங்கம் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். விதி மீறப்படவில்லை என்பது சட்டத்தின்படி சரியாகவே இருக்கலாம். அதை ஒரு வரியில் சொல்வதற்குக்கூட லீக் நிர்வாகம் முன்வராததுதான் குறை.

ஓவர்களைத் தாமதமாக முடித்ததற்கான தண்டனை ஆளுக்கு ஆள் மாறுகிறதா?

இந்த ஒரு விஷயத்தில் பட்டியல் தெளிவாக இருந்தது. 2024 வரை முதல் தவறுக்குக் கேப்டனுக்கு 12 லட்சம் ரூபாய். இரண்டாவது தவறுக்கு 24 லட்சம். மூன்றாவது தவறுக்கு 30 லட்சத்தோடு ஓர் ஆட்டத் தடை. இரண்டாவது தவறிலிருந்து மற்ற வீரர்களுக்கும் அபராதம் உண்டு. தோனி 2021-இல் டெல்லிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 12 லட்சம் கட்டினார். 2024-இல் சேப்பாக்கத்தில் ஆடிய குஜராத் கேப்டன் ஷுப்மன் கில்லும் அதே 12 லட்சம்தான் கட்டினார். தொகையில் வேறுபாடு பார்க்க வழியில்லை.

தொகையை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு வந்தால்தான் ஐயம் தொடங்குகிறது. 20 ஓவர்களை 90 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். அதில் இரண்டரை நிமிட இடைவேளைகள் இரண்டும் அடங்கும். காயம், மறுபரிசீலனை, எதிரணி பேட்ஸ்மேன் செய்யும் தாமதம் ஆகியவற்றுக்கு அம்பயர்கள் நேரத்தைக் கழித்துக் கொடுப்பார்கள். எந்தத் தாமதத்துக்கு எத்தனை நிமிடம் கழித்தார்கள் என்ற கணக்கு பார்வையாளர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. கடைசி ஓவர்களில் தாமதத்துக்கான தண்டனையாகத் திடீரென்று ஒரு ஃபீல்டரை வட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளும்போதுதான், அந்த அணி பின்தங்கியிருக்கிறது என்பதே கேலரியில் இருப்பவருக்குத் தெரிகிறது.

ரிஷப் பந்த்தும் ஹர்திக் பாண்டியாவும் தடை பெற்ற பிறகு விதியை மாற்றியது யாருக்காக?

2024 சீசனில் மூன்றாவது முறையாகத் தாமதம் செய்ததற்காக, மே 12 அன்று பெங்களூரு அணிக்கு எதிரான முக்கியமான ஆட்டத்தில் பந்த் ஆட முடியாமல் போனது. டெல்லி மேல்முறையீடு செய்தது. இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் குறைதீர்ப்பாளர் தண்டனையை உறுதி செய்தார். மும்பை இந்தியன்ஸ் தன் மூன்றாவது தவறை அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் செய்ததால், ஹர்திக்கின் தடை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிரான மும்பையின் முதல் ஆட்டத்தில் அவர் இல்லை, சூர்யகுமார் யாதவ் தலைமை தாங்கினார், சென்னை வென்றது. அந்த சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்புதான், ஓவர் தாமதத்துக்காகக் கேப்டனுக்கு நேரடியாகத் தடை விதிக்கும் முறை கைவிடப்பட்டு, தவறுக்குத் தவறு பெயரில் புள்ளிகள் சேர்ந்து, குறிப்பிட்ட அளவைத் தொட்டால் மட்டும் தடை வரும் டிமெரிட் புள்ளி முறை கொண்டுவரப்பட்டது.

எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. பதினொரு பேரும் சேர்ந்து செய்யும் தாமதத்துக்கு ஒருவரை வெளியே உட்கார வைப்பது முறையாகப் படவில்லை. ஆனால் டெல்லி ரசிகர் ஒருவர், தன் அணி பிளே ஆஃப் வாய்ப்புக்காகப் போராடிய நேரத்தில் இருந்த விதி அடுத்த சீசனிலேயே காணாமல் போனதைப் பார்த்து வருந்தினால், அந்த வருத்தம் நியாயமானது.

ஒரே சம்பவத்தில் இரண்டு வீரர்களுக்கு இரண்டு அளவில் தண்டனை தருவது பாரபட்சம்தானே?

எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2025 மே மாதத்தில் லக்னோவின் திக்வேஷ் ரதியும் ஹைதராபாத்தின் அபிஷேக் ஷர்மாவும் களத்தில் மோதிக்கொண்டார்கள். அபிஷேக்குக்கு 25 சதவீத அபராதம். ரதிக்கு 50 சதவீதத்தோடு ஓர் ஆட்டத் தடை. ரதி அதே சீசனில் ஏற்கெனவே இரண்டு முறை, ஆட்டமிழந்தவரின் பெயரைக் கையில் எழுதிக்கொள்வது போன்ற கொண்டாட்டத்துக்காகத் தண்டிக்கப்பட்டு மூன்று டிமெரிட் புள்ளிகள் பெற்றிருந்தார்; இந்த முறை இரண்டு சேர்ந்து ஐந்தானது. பழைய கணக்கு தெரிந்தவருக்கு இதில் வியப்பு இல்லை. அந்தக் கணக்கு அறிவிப்பிலேயே இடம்பெற்றிருந்ததால், இந்தத் தண்டனை குறித்து எழுந்த கூச்சல் சீக்கிரமே அடங்கியது.

சென்னை அணியை இரண்டு ஆண்டுகள் நீக்கியது வேண்டுமென்றே செய்ததுதானே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் பலர் அந்த 2016, 2017 கோடைகளை மறக்கவே இல்லை. நானும் மறக்கவில்லை. தோனி புனேயின் ஊதா நிற உடையிலும் ரெய்னா குஜராத் உடையிலும் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மனம் ஒட்டவில்லை. ஆனாலும் வரிசையாக நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2013 மே 16 அன்று ஸ்ரீசாந்த் உள்ளிட்ட மூன்று ராஜஸ்தான் வீரர்கள் ஸ்பாட் ஃபிக்ஸிங், அதாவது பணத்துக்காக ஆட்டத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே பேசிவைத்து ஆடிய புகாரில் கைதானார்கள். மே 24 அன்று குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் புகாரில் கைது செய்யப்பட்டார். அவர் அப்போதைய பிசிசிஐ தலைவர் என். சீனிவாசனின் மருமகன், சீனிவாசன் நிர்வாக இயக்குநராக இருந்த இந்தியா சிமெண்ட்ஸ்தான் சிஎஸ்கேயின் உரிமையாளர். பிசிசிஐ தானே அமைத்த இருவர் குழு, ஜூலை மாதத்தில் தவறு எதுவும் நடக்கவில்லை என்றது. அடுத்த சில நாட்களிலேயே, அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டத்துக்குப் புறம்பானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு உச்ச நீதிமன்றம் நீதிபதி முத்கல் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குருநாத் வெறும் ரசிகர் அல்ல, அணியின் நிர்வாகிகளில் ஒருவர் என்று அந்தக் குழு கண்டறிந்தது. 2015 ஜனவரி 22 தீர்ப்பில், வாரிய நிர்வாகிகள் ஐபிஎல்லில் வணிக நலன் வைத்துக்கொள்ள இடம் தந்த விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தண்டனையை முடிவு செய்யும் பொறுப்பை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான மூவர் குழுவிடம் ஒப்படைத்தது. அந்தக் குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் இரண்டையும் தலா இரண்டு ஆண்டுகள் நீக்கியது.

எனவே வாரியம் சென்னையைப் பழிவாங்கியது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. வாரியம் செய்தது அதற்கு நேர்மாறானது. தன் வீட்டு விஷயத்தைத் தானே விசாரித்துத் தானே விடுவித்தது. தண்டனை வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த முதல் விசாரணை 2013-இலேயே ஒழுங்காக நடந்திருந்தால், குருநாத்தோடும் நிர்வாகத்தோடும் விஷயம் முடிந்து, அணி தப்பியிருக்கவும் வாய்ப்பு இருந்தது என்று நான் நம்புகிறேன்.

தவறு செய்யாத வீரர்களும் ரசிகர்களும் ஏன் துன்பப்பட வேண்டும் என்று கேட்டால், அது வேறு கேள்வி, வலுவான கேள்வி. உரிமையாளரைத் தண்டிக்க அணியை நீக்குவது ஒன்றுதான் வழியா என்பதில் எனக்கு இன்றும் மனநிறைவான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஜெய்ப்பூர் ரசிகருக்கும் நமக்கும் சம பங்கு உண்டு.

2018-இல் சேப்பாக்கம் ஆட்டங்களைப் புனேக்கு மாற்றியதும் தண்டனையா?

இல்லை. காவிரிப் போராட்டத்தின்போது ஏப்ரல் 10 அன்று கொல்கத்தாவுக்கு எதிரான ஓர் ஆட்டம் மட்டும் இங்கே நடந்தது. பாதுகாப்புக் காரணத்தால் மீதி ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் சென்னைதான்.

அம்பயர்களைக் கேள்வி கேட்டாலே அபராதமா?

2023 ஏப்ரல் 12 அன்று சேப்பாக்கத்தில் சென்னையை ராஜஸ்தான் மூன்று ரன்களில் வென்றது. ஆட்ட நாயகனான அஸ்வின் செய்தியாளர்களிடம், பனி ஈரம் காரணமாக அம்பயர்கள் யாரும் கேட்காமலே பந்தை மாற்றினார்கள் என்றும், அது எல்லா ஆட்டங்களிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்றும் கூறினார். அவருக்கு 25 சதவீத அபராதம். பொது இடத்தில் விமர்சிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதை அவர் மீறினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுப்பிய கேள்வி எங்கே போனது? பனி இருந்தால் அம்பயரே பந்தை மாற்றலாம் என்றால், எப்போது, எந்த அளவு ஈரத்தில்? கேட்டவருக்கு அபராதம் வந்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை. இந்த அணுகுமுறை அம்பயர்களின் மதிப்பைக் காப்பாற்றாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் செய்தது சரியாக இருக்கும் பட்சத்தில், விளக்கம்தான் அவர்களுக்குத் துணை நின்றிருக்கும்.

பாரபட்சம் என்பது நம் கண்ணில்தான் இருக்கிறதோ?

ஒரு பகுதி, ஆம். 1951-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழக அணிகள் ஆடிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் படச்சுருளை, இரு உளவியலாளர்கள் இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகளாக அதன் சொந்த மாணவர்கள் எண்ணியதைப் போல இரு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றுதான். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கேலரியில் உட்காரும் என்னிடம் அந்தப் படத்தைக் காட்டினால், நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

மற்ற லீக்குகளில் நிலைமை எப்படி?

நம் ஊர் ரசிகர்களுக்குப் பழக்கமான ஐஎஸ்எல் கால்பந்திலேயே பார்க்கலாம். 2015 இறுதி ஆட்டத்தில் கோவாவைச் சென்னையின் எஃப்சி வென்ற பிறகு நடந்த நிகழ்வுகளுக்காக, எஃப்சி கோவாவுக்கு அடுத்த சீசனில் 15 புள்ளிகள் கழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அந்தப் புள்ளிக் கழிப்பு ரத்தானது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்தில், சுனில் சேத்ரி விரைவாக அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் களத்தை விட்டு வெளியேறியது. அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலும் இதே குமுறல் உண்டு. நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. 2024 மார்ச்சில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளை இழந்தது. மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டது அதற்கு முன்பே, 2023 பிப்ரவரியில்; சிறிய அணிகளின் வழக்குகள் முடிந்த பிறகும் அது இழுத்துக்கொண்டே போனது. எவர்ட்டன் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எவர்ட்டன் தீர்ப்பை எவரும் எடுத்துப் படிக்கலாம்: எந்த வாதம் ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, 10 எப்படி 6 ஆனது என்று பல பக்கங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நம்முடைய லீக்கில் இல்லாதது அந்தப் பக்கங்கள்தான்.

காரணத்தை எழுதி வெளியிட்டால் மட்டும் ரசிகர்கள் அடங்கிவிடுவார்களா?

அடங்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் நடந்த ஒரு டென்னிஸ் பந்துத் தொடரில் எங்கள் அணிக்கு நான் ஸ்கோர் எழுதினேன். ஒரு ரன் அவுட் தகராறில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஆட்டத்தை அரை மணி நேரம் நிறுத்தினோம். மறுநாள் காலை, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று ஸ்கோரர் மேசையின் காலில் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. எங்களுக்கு இரண்டு புள்ளிகள் கழிப்பு, எதிரணிக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எதிரணியில் அமைப்பாளரின் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆடியதால், மேற்கொண்டு நாங்கள் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தத் தொடருக்கே போகவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த எதிரணிக் கேப்டனை ஒரு டீக்கடையில் சந்தித்தபோதுதான் தெரிந்தது: ஆட்டம் முடிந்த அன்று இரவே அவர் அமைப்பாளர் வீட்டுக்குப் போய், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. முடிவு நியாயமானதுதான். அந்த நோட்டுத் தாளில் "மன்னிப்புக் கடிதம் தந்ததால்" என்று ஒரு சொற்றொடர் கூடுதலாக இருந்திருந்தால், நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாவது அடுத்த ஆண்டு ஆடியிருப்போம்.

அடுத்த முறை அபராதச் செய்தி வந்தால் ஒரு ரசிகர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் விதி எண்ணையும் குற்ற நிலையையும் பாருங்கள். சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த வீரருக்கு முன்பே எத்தனை டிமெரிட் புள்ளிகள் இருந்தன என்று பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, விசாரணை நடந்ததா என்பதைக் கவனியுங்கள். பிறகு வேறோர் அணி அதே விதியின் கீழ் என்ன பெற்றது என்று தேடுங்கள். தேடும்போது உங்கள் அணி குறைவாகத் தண்டிக்கப்பட்ட சம்பவங்களையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் வேறுபாட்டுக்குக் காரணம் தெரியவில்லை என்றால், தாராளமாகக் கேள்வி எழுப்புங்கள், தண்டனை பெற்றது மும்பையாக இருந்தாலும்.